பழைய டீசல் வேனுக்கு டர்போ வைத்தது பலன் தந்ததா? மேட்டுப்பாளையம்–ஊட்டி தடத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2012 நவம்பரில் மேட்டுப்பாளையத்தைச் சேர்ந்த ஒரு வேன் உரிமையாளர், நான் மாலை நேரங்களில் இருக்கும் பட்டறைக்கு வந்தார். நான் அப்போது ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் டீசல் மெக்கானிக் பிரிவில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பட்டறை நண்பருடையது. அவர் கையால் வேலை செய்வார், நான் அளந்து எழுதி வைப்பேன். இந்த ஆய்வு அந்தக் குறிப்பேட்டிலிருந்து எழுதியது. யாருடைய பெயரும் இதில் இல்லை.

வண்டி 1999 மாடல் டெம்போ டிராவலர், 12 சீட். எஞ்சின் ஓஎம் 616: மெர்சிடிஸ் வடிவமைத்து இங்கே உரிமத்தின் பேரில் தயாரான 2.4 லிட்டர், நான்கு சிலிண்டர் டீசல். சிலிண்டருக்கு மேலே உள்ள சிறு முன்அறையில் டீசல் தெளிக்கும் பழைய வகை. டர்போ, அதாவது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி, கிடையாது. புதிதாக இருக்கும்போது 70-ஐ ஒட்டிய குதிரைத்திறன். மூன்றரை டன்னை ஒட்டிய மொத்த எடைக்கு அது குறைவுதான். ஆனால் அடித்தாலும் சாகாத எஞ்சின் என்று டிரைவர்களிடம் அதற்குப் பெயர்.

உரிமையாளரின் குறை ஒன்றே. "மலை ஏறமாட்டேங்குதுங்க. பர்லியாறு தாண்டினா ஃபர்ஸ்ட் கியர்தான். ஏ.சி. போட்டா பின்னாடி வர்றவன் ஹாரன் அடிக்கிறான்." ஊட்டித் தடத்தில் ஓடும் புது வண்டிகளில் டர்போ இருந்தது. தன் வண்டிக்கும் ஒன்று வைத்துவிட்டால் இன்னும் ஐந்து வருடம் ஓட்டலாம் என்பது அவர் கணக்கு. 2013 ஏப்ரல் சீசனுக்குள் வேலை முடிய வேண்டும் என்றார்.

மலை கேட்பது எவ்வளவு

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், குன்னூர் சுமார் 1,850, ஊட்டி 2,240. அதாவது மலையடிவாரத்துக் கல்லாறு தாண்டியதிலிருந்து குன்னூர் வரைக்கும் வண்டி தன்னையும் பயணிகளையும் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்குகிறது. ஏற ஏறக் காற்றும் மெலிகிறது. குன்னூரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு, ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கு. டர்போ இல்லாத எஞ்சினுக்குக் காற்று குறையும், ஆனால் பழைய டீசல் பம்ப்புக்கு அது தெரியாது. சமவெளியில் தெளித்த அதே அளவு டீசலைத் தெளித்துக்கொண்டே இருக்கும். எரியாத மிச்சம் கரும்புகையாக வெளியே வரும். குன்னூருக்கு மேலே பழைய வேன்கள் விடும் புகைக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எட்டு சதவீதச் சரிவில் இந்த எடையை மணிக்கு 30 கிலோமீட்டரில் இழுக்க, எஞ்சினில் சுமார் 40 குதிரைத்திறன் வேண்டும். செகண்ட் கியரில் அந்த வேகத்துக்குரிய சுழற்சியில், ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில், ஆரோக்கியமான ஓஎம் 616 தருவது 45-ஐ ஒட்டி. எஞ்சின் தேய்ந்து ஐந்தில் ஒரு பங்கு திறன் போனாலே 40-க்குக் கீழே விழும். ஏ.சி. கம்ப்ரசர் அதிலும் மூன்று நான்கைப் பிடுங்கிக்கொள்ளும். செகண்ட் கியருக்கும் ஃபர்ஸ்ட் கியருக்கும் நடுவில் நிற்பது இந்த ஐந்து குதிரைதான். கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியபோது உரிமையாளர் நம்பவில்லை. சரி, முதலில் எஞ்சினைப் பார்ப்போம், டர்போ அப்புறம் என்று முடிவு செய்தோம்.

எஞ்சினில் பார்த்தது

டர்போ வைப்பதற்கு முன் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்பது) பார்க்காமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொடக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். சூடான எஞ்சினில் நான்கு சிலிண்டரும் 25, 25, 21, 24 பார் காட்டின. இந்த எஞ்சினில் சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 3 பாரைத் தாண்டக் கூடாது. மூன்றாவது சிலிண்டர் போய்விட்டது, போர் வேலை (சிலிண்டரைக் குடைந்து சரிசெய்வது) செய்ய வேண்டும் என்றார் பக்கத்துப் பட்டறைக்காரர்.

ஆனால் வால்வுகளைத் தள்ளும் டேப்பட்களின் மூடியைத் திறந்து பார்த்தபோது கதை வேறு. இந்த எஞ்சினில் வால்வு இருக்கை தேயத் தேய, வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி இறுகிக்கொண்டே வரும். சத்தம் வராது, அதனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். குளிர்ந்த நிலையில் இன்லெட் 0.10, எக்ஸாஸ்ட் 0.30 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மூன்றாவது சிலிண்டர் எக்ஸாஸ்டில், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய இதழ்கூட நுழையவில்லை. வால்வு முழுசாக மூடாமல் கசிந்துகொண்டிருந்தது. டேப்பட் சரிசெய்து இருநூறு கிலோமீட்டர் ஓட்டி மறுபடி அளந்தோம். 24 பார்.

இன்ஜெக்டர்கள் 115 பாரில் திறக்க வேண்டியவை. இரண்டு 90-க்குப் பக்கத்திலேயே திறந்து, தூவாமல் ஒழுகின. டைமிங் செயின் நீண்டிருந்ததால் பம்ப் தாமதமாகத் தெளித்தது. சொட்டு முறையில் பார்த்து, பிஸ்டன் மேல்நிலைக்கு வர 24 டிகிரி இருக்கும்போது தெளிக்கும்படி திருப்பி வைத்தோம். ஏர் ஃபில்டரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ரேடியேட்டரில் கால்வாசிக் குழாய்கள் அடைபட்டிருந்தன.

இவ்வளவுக்கும் சேர்த்து ஆன செலவு சுமார் 19,000 ரூபாய், ஜனவரி மாத ஒரு வாரம். அடுத்த வாரம் பன்னிரண்டு பேர் எடைக்கு மணல் மூட்டை ஏற்றி அதே டிரைவரோடு ஏறினோம். முன்பு கல்லாறிலிருந்து குன்னூர் வரை 1 மணி 18 நிமிடம். இப்போது 1 மணி 8 நிமிடம். ஃபர்ஸ்ட் கியர் மூன்றே கொண்டை ஊசி வளைவுகளில் தேவைப்பட்டது. லிட்டருக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் மைலேஜும் கூடியது.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம் என்று இன்று தோன்றுகிறது. அன்று எனக்கும் ஆசை இருந்தது, ஒளிப்பானேன்? ஓடும் வண்டியில் டர்போ வைத்து அளந்து பார்க்கும் வாய்ப்பு பாடம் நடத்துகிறவனுக்கு அடிக்கடி வராது.

டர்போ வைக்கும் முடிவு

உரிமையாளர் விடுவதாக இல்லை. ஏ.சி. போட்டுக்கொண்டே செகண்டில் ஏற வேண்டும் என்றார். அது நியாயமான ஆசைதான், பயணிகள் கேட்பதும் அதைத்தான்.

மெர்சிடிஸ் கம்பெனி இந்த வேலையை எப்படிச் செய்தது என்று பார்த்தோம். இதே குடும்பத்தின் ஐந்து சிலிண்டர் அண்ணன் ஓஎம் 617. 1978-ல் அமெரிக்கச் சந்தைக்கான 300 எஸ்டி காரில் அதற்கு டர்போ வைத்தபோது 80 குதிரைத்திறன் 115 ஆனது. கம்ப்ரஷன் விகிதத்தை அவர்கள் பெரிதாகத் தொடவில்லை, 21-ஐ ஒட்டியே விட்டார்கள். ஆனால் பிஸ்டனின் அடிப்பக்கத்துக்கு எண்ணெய் பீய்ச்சிக் குளிர்விக்கும் ஜெட் வைத்தார்கள். எக்ஸாஸ்ட் வால்வுக்குள் சோடியம் நிரப்பினார்கள். கிராங்கை நைட்ரைடு செய்து கடினமாக்கினார்கள். எண்ணெய் ஓட்டத்தையும் கூட்டினார்கள். அவர்கள் பயந்தது அழுத்தத்தைவிடச் சூட்டுக்கு. நம் எஞ்சினில் இதில் ஒன்றுகூட இல்லை.

பெட்ரோல் வண்டி பழகியவர்கள் இங்கே குழம்புவார்கள். டீசலில் டீசல் கூடக் கூடச் சூடு ஏறும், காற்று கூடக் கூடச் சூடு இறங்கும். ஆகவே டர்போ தன்னளவில் எஞ்சினைக் கொல்வதில்லை. அதோடு சேர்த்துப் பம்ப்பில் டீசலைக் கூட்டுவதுதான் கொல்லும். இதை வைத்து மூன்று எல்லைகள் போட்டுக்கொண்டோம். பூஸ்ட், அதாவது டர்போ திணிக்கும் காற்றின் கூடுதல் அழுத்தம், 0.4 பாருக்கு மேல் போகாது. டர்பைனுக்கு முன்னால் புகைச் சூட்டை அளக்கும் பைரோமீட்டர் கட்டாயம், 700 டிகிரியில் சிவப்புக் கோடு. பம்ப்பைத் தொடுவதாக இருந்தால் நாங்கள் மட்டும்தான்.

இந்தப் பம்ப்பில் மெக்கானிக்கல் கவர்னர் (எஞ்சின் வேகத்துக்கேற்ப டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் பாகம்) இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். இன்டேக் வெற்றிடத்தை வைத்து வேலை செய்யும் கவர்னர் உள்ள பழைய டீசல்களும் உண்டு. அவற்றில் பூஸ்ட் வந்ததும் கவர்னர் தடுமாறிவிடும், பம்ப்பையே மாற்ற வேண்டும்.

பொருத்தியது

கோவை உக்கடத்துப் பழைய பாகக் கடையில் 2.5 லிட்டர் ஜீப் ஒன்றிலிருந்து கழற்றிய டர்போ கிடைத்தது. தண்டில் ஆட்டம் இல்லை. மேனிஃபோல்டை லேத்தில் கொடுத்து ஃபிளாஞ்ச் பற்றவைத்தோம். ஆயில் லைன், திரும்பும் குழாய், பெரிய சைலன்சர் பைப், சூடு தடுக்கும் தகடு, இரண்டு கேஜ். வண்டிக்குள் எஞ்சின் மூடி டிரைவரின் கால் பக்கத்திலேயே இருப்பதால் தகடு வேலைக்கே இரண்டு நாள் ஆனது. எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய். டர்போவின் விலை இதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

முதல் ஓட்டத்திலேயே நீலப்புகை. டர்போ சீல் போய்விட்டது என்று கடைக்காரரைத் திட்டப் போனோம். தப்பு எங்கள் மேல். டர்போவிலிருந்து எண்ணெய் தன் எடையாலேயே சம்ப்புக்கு (எஞ்சின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டிக்கு) இறங்க வேண்டும். லேத்காரர் திரும்பும் குழாயைச் சம்ப்பில் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே பற்றவைத்துவிட்டார், பற்றவைக்கும் முன் நாங்களும் பார்க்கவில்லை. எண்ணெய் இறங்க வழியில்லாமல் டர்போவிலேயே தேங்கி சீலைத் தாண்டியது. துளையை மேலே மாற்றியதும் புகை நின்றது.

மார்ச் மாத அளவுகள் இவை. டீசலைக் கூட்டாமல், டர்போ மட்டும்: பர்லியாறுக்கு மேல் முழு மிதியில் புகைச் சூடு 580 டிகிரி. டர்போ இல்லாமல் அதே இடத்தில் 690 இருந்தது. கரும்புகை கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் சமவெளியில் இழுவை ஏறக்குறைய அப்படியே இருந்தது, குன்னூருக்கு மேலேதான் வித்தியாசம். காற்று மெலிந்த இடத்தில் இழந்ததை டர்போ திருப்பித் தந்தது, அவ்வளவுதான்.

உரிமையாளர் முகம் சுருங்கியது. "இதுக்காங்க இவ்வளவு செலவு?" என்றார்.

அவர் கேள்விக்குப் பதில் சொல்லும் விதமாக நாங்கள் எடுத்த முடிவுதான் பின்னால் வந்ததற்கு வாசல். பம்ப்பில் டீசலை ஒரு துளி கூட்டினோம். சூடு 660-க்கு ஏறியது, எல்லைக்குள்தான். ஏ.சி.யோடு செகண்ட் கியரில் முழு மலையும் ஏறியது. கல்லாறு–குன்னூர் 1 மணி 3 நிமிடம். பம்ப் திருகுக்கு ஈயச் சீல் வைத்தோம். பிரேக் லைனிங், பிரேக் சிலிண்டர் எல்லாம் புதுசாக மாற்றினோம், வேகமாக ஏறுகிற வண்டி இறங்கவும் வேண்டுமே.

சீசன்

ஏப்ரல், மே இரண்டு மாதமும் குறையில்லாமல் ஓடியது. உரிமையாளர் மகிழ்ச்சியாக இருந்தார், டிரைவர் அதைவிட. வண்டியை நிறுத்தியதும் உடனே அணைக்காமல் இரண்டு நிமிடம் ஐடிலில் விட வேண்டும் என்று சொல்லியிருந்தோம், அதை அவர் ஒழுங்காகச் செய்தார்.

ஆனால் குறிப்பேட்டைப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. சீசன் நாட்களில் குன்னூர் போய்ச் சேர்ந்த நேரம் டர்போ வைத்ததால் மாறவே இல்லை. போலீஸ் ஏறுவதைக் குன்னூர் வழியாகவும் இறங்குவதைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பி விட்டிருந்த நாட்களில்கூட முன்னால் பஸ், அதற்கு முன்னால் லாரி. எஞ்சினில் எத்தனை குதிரை இருந்தாலும் வரிசையில்தான் போக வேண்டும். அந்த ஐந்து நிமிட லாபம் மணல் மூட்டை ஏற்றிய வெறும் சாலைக்கு உரியது.

அக்டோபர்

இரண்டாம் சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்யாண கோஷ்டி பன்னிரண்டு பேரோடு ஏறிய வண்டி பர்லியாறுக்கு மேலே சக்தி இழந்து நின்றது. ஆயில் மூடியைத் திறந்தால் ரயில் எஞ்சின் மாதிரி ஆவி. பயணிகளை வேறு வண்டியில் அனுப்பிவிட்டு, வேனைக் கட்டி இழுத்து வந்தோம்.

ஹெட்டைக் கழற்றியதும் மூன்றாவது பிஸ்டனின் மேல் விளிம்பு உருகி அரித்திருந்தது தெரிந்தது. ரிங் தாங்கும் பகுதி உடைந்து, லைனர் முழுக்கக் கீறல். டர்போவின் பிளேடுகள் முழுசாக இருந்தன.

ஈயச் சீல் இல்லை.

விசாரித்ததில் நடந்தது தெரிந்தது. ஆகஸ்டில் டிரைவர் வண்டியை வேறொரு பம்ப் கடைக்குக் கொண்டுபோய், "இன்னும் கொஞ்சம் இழுக்கிற மாதிரி" செய்து வாங்கியிருக்கிறார். பிறகு பம்ப்பைப் பெஞ்சில் வைத்து அளந்தபோது, நாங்கள் விட்டதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக டீசல் தெளித்தது. இரண்டு மாதம் அப்படியே ஓட்டியிருக்கிறார், ஒன்றும் ஆகவில்லை. காரணம், அவருக்குப் பைரோமீட்டர் முள்ளைப் பார்க்கத் தெரியும். சிவப்புக் கோட்டைத் தொட்டால் மிதியை விடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் லீவு. மாற்று டிரைவர் அனுபவசாலிதான், ஆனால் அந்த முள் என்ன காட்டுகிறது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. "தண்ணி சூடு நார்மலாத்தான் இருந்துச்சுங்ணா" என்று உரிமையாளரிடம் சொன்னார். உண்மைதான். பிஸ்டன் உருகும்போது ரேடியேட்டர் தண்ணீர் சாதாரணமாக இருக்கலாம். தண்ணீர்ச் சூட்டு முள்ளை மட்டும் பார்த்துப் பழகிய டிரைவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பின் எடுத்த முடிவு

எஞ்சின் வேலைக்கு 72,000 ரூபாய் ஆனது, வண்டி 23 நாள் நின்றது. என் யோசனை: பம்ப்பைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, டர்போவை வெறும் உயரச் சமன்பாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், சூடு ஏறினால் அலறும் பஸ்ஸர் ஒன்று சேர்க்கலாம். மெக்கானிக் நண்பரும் அதையே சொன்னார்.

உரிமையாளர் மறுத்தார். அவர் சொன்ன காரணம் எங்கள் யோசனையைவிடத் தெளிவாக இருந்தது. வண்டியை ஓட்டுவது அவர் இல்லை. டிரைவர் மாறுவார், பம்ப் கடை எல்லா ஊரிலும் இருக்கிறது, ஈயச் சீலை வெட்ட ஒரு கட்டிங் பிளேயர் போதும். "நான் வீட்ல படுத்துத் தூங்கணும்ங்க" என்றார். டர்போ கழன்றது. 11,000-க்கு விற்றோம்.

அதற்குப் பதிலாக ஒரு சின்ன வேலை செய்தோம். முழு மிதியில் ஏ.சி. கம்ப்ரசரை அணைக்கும் ஸ்விட்ச் ஒன்றை ஆக்சிலரேட்டரில் வைத்தோம். வளைவில் சில நொடி ஏ.சி. நின்று மறுபடி ஓடும், பயணிகளுக்குத் தெரியாது. அந்த ஸ்விட்சும் ஒயரும் ஆயிரம் ரூபாய்க்குள். வண்டி அப்படியே 2016 வரை ஓடியது. பிறகு கம்பெனியிலேயே டர்போவும், அது திணிக்கும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் வைத்து வந்த பழைய வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டார்.

இன்று செய்தால்

கம்ப்ரஷன், டேப்பட், இன்ஜெக்டர், டைமிங் வேலையை அப்படியே செய்வேன். அதன் பிறகு ஏ.சி. ஸ்விட்சை வைத்து, ஒரு சீசன் முழுக்க ஓட்டச் சொல்லுவேன். 20,000 ரூபாயில் உரிமையாளர் கேட்டதில் பெரும்பகுதி கிடைத்துவிட்டது. மீதியைப் பிடிக்கத்தான் 46,000-மும், அதன் பின்விளைவாக 72,000-மும் போனது.

சட்டப் பக்கத்தை 2013-ல் நாங்கள் லேசாக எடுத்துக்கொண்டோம், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வாடகைக்கு ஓடும், வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டிய வண்டியில் இது பெரிய விஷயம். விபத்து நடந்திருந்தால் இன்சூரன்ஸ் என்ன சொல்லியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

தன் வண்டியைத் தானே ஓட்டுகிறவர், மலையிலேயே குடியிருப்பவர், அனுமதியும் வாங்கித் தருகிறவர் வந்து கேட்டால்? 0.4 பார், டீசலைத் தொடாமல், பைரோமீட்டரோடு வைத்துக் கொடுப்பேன். 690 டிகிரியை 580 ஆக்கியதும், கரும்புகையை நிறுத்தியதும் அந்த டர்போதான். அந்த மூன்று வார மார்ச் அளவுகளில் எஞ்சின் அதுவரை இருந்ததிலேயே சுகமாக ஓடியது. அதைப் போதாது என்று சொன்னவர் உரிமையாளர், தலையாட்டித் திருகைத் திருப்பியவன் நான். ஒரு தடவை திருப்பலாம் என்று டிரைவர் கற்றுக்கொண்டது எங்களிடமிருந்துதான்.

மெக்கானிக் நண்பர் இதை ஏற்பதில்லை. சீலை உடைத்தவன்தான் பிஸ்டனை உருக்கினான் என்பது அவர் கட்சி. உருகிய பிஸ்டன் இன்னும் அவர் பட்டறை அலமாரியில் இருக்கிறது. டர்போ கேட்டு வருகிறவர்களின் கையில் அதைக் கொடுத்துவிட்டு, டேப்பட் மூடியைத் திறக்கப் போவார்.